ரஞ்சனிக்குப் படைத்த பூவாடை

எங்கள் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. பெரியதில் 'மாலை நேர மனநல ஆதரவு மையம்' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் செஞ்சியில் ஒருவரும் உள்ளே வரவில்லை. திறந்த புதிதில் நானும் என்னோடு வேலை பார்க்கும் விநாயகமும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பைத்தியம் என்று பேர் வாங்க யார்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நாலு பேர் பார்க்கப் படியேறுவார்கள்? அதற்குப் பிறகுதான் ஒரு மண்பானை வாங்கி வைத்து, 'குடிநீர் இலவசம்' என்று இன்னொரு பலகை மாட்டினோம். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடிக்க வருவார்கள். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் நிற்கிறவர்கள் எங்கள் ஆட்கள்.

மாலை ஐந்து மணிக்குத் திறப்போம், ஒன்பதுக்கு மூடுவோம். ஆஸ்பத்திரி மூடியிருக்கும் நேரம் அது, வீடுகளில் எல்லாரும் கூடும் நேரமும் அதுதான். பெயர் கேட்க மாட்டோம், ஊர் கேட்க மாட்டோம். பேசினால் கேட்போம், பேசாவிட்டால் டீ கொடுப்போம். முன்பு இது உரக்கடையாக இருந்த இடம். யூரியா வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் கறாராக இருப்போம். சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுவோம். இல்லாத ஒன்றைப் பார்க்கிறேன், கேட்கிறேன் என்று ஒருவர் சொன்னால், பொய் என்றும் சொல்ல மாட்டோம், ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம். முதலாவது எனக்குச் சுலபம். இரண்டாவதுதான் உயிரை எடுக்கும். மீனம்பாளுக்கு நாக்கு நீளம் என்று பள்ளிக்கூடத்திலேயே பேர் வாங்கியவள் நான்.

அந்த மனிதர் ஆடி மாதத்தில் ஒரு நாள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டை மேல் வெளிச்சம் மங்கிக் கடைகளில் விளக்குப் போட்டார்கள். அவருடைய தோள் விறைத்துக்கொண்டது. யாரோ பின்னால் வந்து நிற்பதைப் போல் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருட்டிய பிறகு எழுந்து, "வெளக்கு வெக்கிற நேரம் தாண்டிடுச்சு, வரன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கேயோ பார்த்த முகம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தபோதுதான் பிடிபட்டது. அந்த மூக்கை நான் போன வருஷம் சுவரெல்லாம் பார்த்திருக்கிறேன், ஒரு பெண்ணின் முகத்தில்.

'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, ரஞ்சனி என்ற பெண்ணின் கல்லூரிப் படத்தோடு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கூட்டு ரோடு வரை ஒரு கம்பத்தையும் விடவில்லை. கீழே, 'கண்ணீருடன்: தந்தை தனகோட்டி, சிங்கவரம்' என்று இருந்தது. மறைவு என்று போட்டிருந்த தேதியில் அந்தப் பெண் என் அக்கா வீட்டில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள்தான் என் அக்கா மகன் செந்தமிழனைப் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். அவர்கள் ஊர்க்காரர்கள், நாங்கள் காலனிக்காரர்கள். அதற்காக உயிரோடு இருக்கும் மகளுக்குப் போஸ்டர் அடித்து, தலைமுழுகி, மொட்டை போட்டு, கருமாதியும் செய்த மகராசன்தான் என் முன்னால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தெருவில் இவரைப் போன்றவர்களை 'ஐயா' என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். நான் 'சார்' என்றேன். அதற்கு மேல் மரியாதை என் வாயில் வரவில்லை. அந்தப் போஸ்டரில் ஒன்றை நகத்தால் சுரண்டிக் கிழித்தவள் நான். இவருக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டியிருந்ததே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. விநாயகத்திடம் சொன்னேன். அவர், "டீயை நா குடுத்துக்குறன் மேடம், நீங்க மொகத்த மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சிக்கங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் தானாகவே வாயைத் திறந்தார்.

"எங்க வூட்ல பையன் இளவரசனுக்கு ஆவணில கல்யாணம் மேடம். பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி பூவாடைக்குப் படைச்சோம்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்தான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. நல்ல காரியம் எதுவானாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கிணற்றடியில் கரகம் ஜோடித்து, புதுப்புடவையும் பூவும் வைத்து, பம்பை மேளம் அடித்துக் கூப்பிடுவார்கள். வீட்டில் யார் மேலாவது அவள் வருவாள். கேட்டதைக் கொடுத்தால் வாழ்த்திவிட்டு மலையேறிவிடுவாள், அதாவது வந்த ஆளை விட்டுப் போய்விடுவாள்.

"பம்பைக்காரரு ஒவ்வொரு பேரா கேட்டாரு" என்றார் தனகோட்டி. "எங்க பாட்டி பேரு சொன்னோம். சின்ன வயசுல போன எங்க அக்கா பேரு சொன்னோம். வேற யாரும் கன்னியாப் போனவங்க உண்டான்னாரு. எல்லாரும் வாய மூடிக்கிட்டு நிக்கிறோம். எந் தம்பி பச்சைமுத்துதான், ரஞ்சனி இருக்குதே, கருமாதி பண்ணமே, உட்டுட்டா குத்தமாயிடும்னான். அவளுக்கும் ஒரு பொடவை வெச்சோம்."

கல்யாணம் செய்துகொண்டதற்காகத்தான் அவளைச் செத்தவள் ஆக்கினார்கள். கூப்பிடும்போது கன்னி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். என் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கூப்ட்டாங்க. வந்துட்டா" என்றார்.

"யார் மேல சார்?"

"எங்க வூட்டுக்காரி மேல. ரத்தினம்மா மேல. போஸ்டர் ஒட்டுன நாளிலிருந்து எங்கிட்ட பேசாதவ மேடம் அவ. அழுதுகிட்டே இருப்பா, ஒரு வார்த்தை பேச மாட்டா. அன்னிக்கி பம்பை அடிக்கிறாங்க, தலைமுடி அவுந்து விழுது, என்னையே பாக்குறா. நைனான்னு கூப்டா. எம் பொண்ணு கொரலு. அதே கொரலு. நைனா, நா எப்ப செத்தன்னு கேட்டா."

டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பம்பைக்காரரு எலுமிச்சம்பழம் குடுத்துப் பாத்தாரு, கற்பூரம் காட்டிப் பாத்தாரு. மலையேறல. அன்னியிலிருந்து தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்துடறா. பகல்லாம் ரத்தினம்மா ரத்தினம்மாவாத்தான் இருக்குது. வெளக்க வெச்சிட்டுத் திரும்புனா அது அவ இல்ல. நடு வூட்டுல நின்னுக்கிட்டு கேக்கும். வேற ஒண்ணும் கேக்காது, இதையேதான் கேக்கும். நா இங்க ஓடியாந்துடறன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உசுரோட இருக்கிறவ வருவாளா மேடம்?"

விநாயகம் வைத்துவிட்டுப் போன டீயை நான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வர மாட்டா. அழைச்சா வந்துட்டான்னா அவ இல்லன்னுதான அர்த்தம். யாரோ நெசமாவே முடிச்சிட்டானுங்க. எந் தம்பிகிட்ட கேட்டன், எதுனா பண்ணியாடான்னு. இல்லண்ணான்னான். சிரிச்சிக்கிட்டே இல்லண்ணான்னான்."

"அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி. அதைக் கேட்டபோது என் வாயே எனக்குக் கசந்தது. போன வாரம்தான் ரஞ்சனிக்குச் சீமந்தம் வைக்க நாள் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எந்த ஊரில் இருக்கிறாள் என்று இங்கேகூட எழுத மாட்டேன். நன்றாக இருக்கிறாள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் கேட்கிறவர் தனகோட்டி. மகள் செத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் ஒட்டியவர், மகள் இருக்கிறாளா என்று தேடி வந்திருப்பது அழுவதற்கா, ஆள் காட்டுவதற்கா?

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியையும் கேட்டேன். "சாவணும்னு நெனப்பு வருதா சார்?"

யாரும் இப்படிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "பையன் தாலி கட்டிட்டா எங் கடமை முடிஞ்சிடும். அதுக்கப்புறம் நானே போயி அவகிட்ட சொல்லிடறன். எப்ப செத்தன்னு கேக்குறாளே. நாந்தாம்மா உன்னை சாவடிச்சன்னு சொல்லிடறன்."

ஐயோ மனுஷா, அங்கே போனால் அவள் இருக்க மாட்டாளே என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். வியாழக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து வரும் டாக்டரைப் பார்க்க வைத்தேன். மாத்திரை கொடுத்தார். தினமும் இங்கே வந்து முகத்தைக் காட்டாமல் இருக்கக் கூடாது என்று தனகோட்டியிடம் சத்தியம் வாங்கினேன். தலையாட்டினார். தாலி கட்டும் நாள் வரைக்கும்தான் அந்தச் சத்தியம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு பைக் வாசலில் நின்றது. நல்ல உயரம், கடா மீசை, புது கல்யாணச் சட்டை மாதிரி ஒரு சட்டை. அந்த ஆள் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தபடியே உள்ளே ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தான். கடைசி நாற்காலியில் அவன் அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணன் இங்க இன்னா பண்றாரு?" என்றான்.

"தண்ணி குடிக்கிறாரு" என்றார் விநாயகம்.

"தெனமுமா?"

"ஆடிக் காத்தாச்சே, தொண்டை காயுது."

அவன் சிரித்தான். தனகோட்டி சொன்ன சிரிப்பு இதுதான் என்று புரிந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அன்பாகத்தான் இருந்தது. "பாவம் மேடம் அவரு. எங்க கொழந்த வந்து எறங்கிக்கிட்டு போவ மாட்டேன்னுது. நீங்களாவது எதுனா சொல்லி அனுப்புங்க" என்றான். போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அந்தக் கவனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பைக் சத்தம் போன பிறகும் தனகோட்டி திரும்பவில்லை. மெதுவாகப் பேசினார். "அவ கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னிக்கி ராத்திரி இவனும் இன்னும் நாலு பேரும் வண்டில ஏறிட்டானுங்க மேடம். எதை எடுத்துக்கிட்டு ஏறுனானுங்கன்னு கேக்காதீங்க. எங்க இருக்காங்கன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. நா வண்டி முன்னாடி படுத்துக்கிட்டன். எம் பொண்ணு செத்துட்டாடா, செத்தவள எவன்டா போயி வெட்டுவான்னு கத்துனன். விடியறதுக்குள்ள போஸ்டர் அடிக்கக் குடுத்தன். தலைமுழுகுனன். மொட்டை போட்டன். எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணாத்தான் அவனுங்க விடுவானுங்க. விட்டானுங்க. கருமாதி முடிஞ்சா மானம் திரும்பிடுச்சுன்னு கணக்கு."

நான் சுரண்டிக் கிழித்த போஸ்டர் அது.

"இத உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எப்டி சொல்றது? பச்சைமுத்து வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் ஒரே செவுரு. இவ அழுவுறத வெச்சித்தான் அவன் நம்புறான். சொன்னா அழுகைய நிறுத்திடுவா. நிறுத்துனா தெரிஞ்சிடும். அவ எங்கிட்ட பேசாம இருந்தாலும் பரவால்ல, பொண்ணு எங்கயாவது இருக்கட்டும்னு இருந்தன். இப்ப அவளே இல்லாம பூட்டாளே. எதுக்கு நா இவ்ளோ பண்ணன்?"

நம்பலாமா என்று அன்று முழுக்க மனசுக்குள் சண்டை. மனுஷன் பொய் சொல்லவில்லை என்று ஒரு பக்கம். நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தால் இப்படித்தான் சொல்வார் என்று இன்னொரு பக்கம். அக்கா மகன் உயிர் என்பதால் இந்த இன்னொரு பக்கத்துக்குக் குரல் அதிகம். விநாயகத்திடம் கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் சொல்லவில்லை. "அது அந்தப் பொண்ணு உசுரு மேடம். அந்தப் பொண்ணைக் கேளுங்க" என்றார்.

மறுநாள் காலையில் ரஞ்சனிக்குப் போன் போட்டேன். செந்தமிழன் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி முன்னால் படுத்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"எனக்கு அந்த போஸ்டர் மேல எவ்ளோ கோவம் தெரியுமா சித்தி?" என்றாள். "போட்டோவாவது வேற நல்ல போட்டோவா போட்டிருக்கலாம்னு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லி சிரிச்சிருக்கன். சிரிச்சிட்டு பாத்ரூம்ல போயி அழுதிருக்கன். ஆனா ஒண்ணு. அன்னியிலிருந்து எங்கள யாரும் தேடல. நிம்மதியா கடைக்குப் போயிட்டு வரன். நா திரும்ப உசுரோட வந்தா அவங்களுக்குத் திரும்ப வேலை வந்துடும் சித்தி. நா செத்தவளாவே இருந்துட்டுப் போறன். வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு என்னால முடியாது."

"சரிம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் சொன்னது நியாயம். அதை மீறி ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமையில்லை.

"அம்மா என்னை மாதிரியே பேசுதா?"

"அப்படித்தான் சொன்னார்."

"அம்மாகிட்ட மட்டும் பேசறன்" என்றாள். "ஒரே ஒரு தடவை. நைனாகிட்ட குடுக்காதீங்க. அவரு அழுதா எனக்குத் தாங்காது. எங்க இருக்கன்னு அவங்க ரெண்டு பேருக்குமே தெரிய வேணாம்."

அன்று மாலை தனகோட்டியிடம், நாளைக்கு உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். எதுக்கு என்றார். தண்ணி குடிக்க என்றேன். டாக்டரிடம் காட்டுவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு அழைத்து வந்தார்.

ரத்தினம்மாள் ஒல்லியான பெண்மணி. தலையில் பூ இல்லை. பார்வை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கதவைச் சாத்தினோம். அவரைப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நான் எதிரில் உட்கார்ந்தேன். புருஷன் ஒரு மூலையில் சுவரோரமாக நின்றார். பஸ்ஸில் வந்ததா, கூட்டமா என்று கேட்டதற்கெல்லாம் ரத்தினம்மாள் தலையாட்டினார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விநாயகம் வழக்கம்போல் விளக்கைப் போட்டார்.

ரத்தினம்மாளின் முதுகு நிமிர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவள் ஐம்பது வயசுக்காரி இல்லை. கழுத்தைச் சாய்த்து, ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். ரஞ்சனி என் அக்கா வீட்டில் உட்காருகிற மாதிரி. நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இதற்கெல்லாம் பெயர் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். அப்போது ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லை.

"நைனா" என்றாள். என் காதுக்குப் பழகிய குரல். "நா எப்ப செத்தன் நைனா?"

தனகோட்டி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் போனை அழுத்தி, ரத்தினம்மாளின் காதில் வைத்தேன். அவசரத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேனோ என்னவோ, அறை முழுக்கக் கேட்டது. "அம்மா" என்றது போன்.

"யாரு?"

"நாந்தாம்மா. ரஞ்சனி."

"நாந்தான் இங்க இருக்கன்ல" என்றாள் ரத்தினம்மாள், அதே குரலில். "நீ யாரு?"

இரண்டு பேருக்கும் ஒரே குரல். ஒன்று போனில், ஒன்று என் எதிரில். விநாயகம் ஒரு அடி பின்னால் போனதை நான் பார்த்தேன். போனில் ரஞ்சனி பயந்துவிட்டாள். மூச்சு வாங்குவது கேட்டது. இது தப்பாகப் போயிற்று, வெட்டிவிடலாம் என்று நான் கையை எடுக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா பேசற நீ?" என்று கத்தினாள். "நா செத்துட்டன்னு அவங்கதான் ஒட்டுனாங்க, உனக்கு இன்னா வந்துச்சு? அன்னிக்கி ஒரு வார்த்தை எனக்காகப் பேசினியா? சித்தப்பா நிக்க வெச்சி கேக்கும்போது அடுப்படியில போயி நின்னுக்கிட்டல்ல? இப்ப மட்டும் எங் கொரல்ல பேசறியா? பேசறதா இருந்தா உன் கொரல்ல பேசு."

ரத்தினம்மாளின் மடித்திருந்த கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

"நா எங்கடி அடுப்படில நின்னன்?" என்றாள். குரல் கரகரவென்று வந்தது, ரொம்ப நாள் திறக்காத கதவைப் போல. "கதவாண்டதான நின்னன். நீதான் திரும்பிப் பாக்கல. பட்டப்பகல்ல, ஊரே பாக்க பஸ்ஸ ஏறிட்டு என்னைச் சொல்றியா? கொழுப்பு உனக்கு. அப்பவும் கொழுப்பு, இப்பவும் கொழுப்பு."

"ஆமா, கொழுப்புதான்."

"சீப்பக்கூட எடுத்துக்கினு போவல. உன் சீப்புல முடி இருக்குது, அப்டியே வெச்சிருக்கன்."

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். சண்டை போட்டுக்கொண்டே அழுதார்கள். மகள் விக்கலுக்கு நடுவில் மாசமாக இருப்பதைச் சொன்னாள். தாய், நெல்லிக்காய் தின்னாதே சளி பிடிக்கும் என்று திட்டினாள். எங்கே இருக்கிறாய் என்று தாய் கேட்கவே இல்லை. கேட்கக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

தனகோட்டி சுவரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். இருக்குறாளா? நான் தலையாட்டினேன். எனக்கு எப்படித் தெரியும், நான் யார் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் கூப்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை, பார்க்க முடியவும் இல்லை. டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது போன் மேசை மேல் அணைந்து கிடந்தது. தனகோட்டி மனைவிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்த ராத்திரி வண்டி முன்னால் படுத்ததை முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தினம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவில், "வூட்டுக்குப் போனா பச்சைமுத்து பாப்பான்" என்றார் அவர். "கொழந்த மலையேறிட்டான்னு சொல்லணும். ஆனா நீ..."

"தெரியுது" என்றாள் ரத்தினம்மாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவ உசுரோட இருக்கணும்னா நா அழுவணும். அவ்ளோதான? அழுவுறன்."

நான் தனகோட்டியிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மனைவியின் எதிரிலேயே கேட்டேன். "தாலி கட்டினதுக்கு அப்புறம் இன்னா பண்றதா இருக்கீங்க?"

ரத்தினம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இவளத் தனியா அழ உட முடியாதுல்ல" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முதல் நாள் மறுபடியும் பூவாடைக்குப் படைத்தார்களாம். ரஞ்சனி பேரைச் சொன்னதும் ரத்தினம்மாள் அழுத அழுகையைப் பார்த்து, பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டாராம். பச்சைமுத்துதான் அண்ணியைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தானாம். இதைச் சொன்னது தனகோட்டி. சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தினமும் அப்படி அழுதால் ஒரு நாள் அது நிஜமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது மேடம் என்றார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. டாக்டருக்கும் இருக்கிறது.

இப்போதும் இரண்டு பேரும் வருகிறார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் இடத்துக்கு எல்லாரும் அழத்தான் வருவார்கள். வீட்டில் அழ முடியாதவர்கள், பிள்ளைகளுக்கு எதிரில் அழக் கூடாதவர்கள். ரத்தினம்மாள் வந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்காருகிறாள். ஒரு மணி நேரம் அழாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.